தூக்கமின்மை அல்ல, தூங்க நேரமின்மை

கரூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 36. தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. கணவர் ஜவுளி ஏற்றுமதி நிறுவனமொன்றில் மேற்பார்வையாளர். பெரும்பாலும் இரண்டாம் ஷிப்ட். திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள், நான்கு வயது மகன், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள மாமியார். ஏழு பக்கக் கடிதம். அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டு, அவருடைய சொற்களிலேயே சுருக்கித் தருகிறேன்.

“ஒன்றரை வருடமாகத் தாம்பத்திய உறவில் எனக்கு விருப்பமே இல்லை. வெறுப்பும் இல்லை, மரத்துப்போன மாதிரி இருக்கிறது. காலை நாலரைக்கு எழுகிறேன். குழாயில் தண்ணீர் வரும் நாளென்றால் மூன்றே முக்கால். அவர் வேலை முடிந்து வர இரவு பத்தே முக்கால் ஆகும். சூடாகத் தோசை ஊற்றிக் கொடுத்து, அடுப்படியைக் கழுவிவிட்டுப் படுக்கும்போது மணி பன்னிரண்டைத் தொட்டுவிடும். அப்போதுதான் அவர் என் தோளில் கை வைப்பார். உடனே என் மனம் கணக்குப் போடும்: இப்போது ஆரம்பித்தால் பன்னிரண்டரை, குளித்துவிட்டுப் படுக்க ஒரு மணி, மீதி மூன்றரை மணி நேரம். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டால் ஹாலில் படுத்திருக்கும் மாமியார் ஒரு முறை இருமுவார். இரவில் இரண்டு தடவையாவது அவரைப் பாத்ரூமுக்குக் கைப்பிடித்து அழைத்துப் போக வேண்டும்.

‘கண்ணை மூடிக்கொண்டு இரு, கொஞ்ச நேரம்தானே’ என்கிறார் அம்மா. அப்படியும் இருந்து பார்த்தேன். ஆறு மாதமாக வலிக்க ஆரம்பித்துவிட்டது. மகன் பிறந்தபோது குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டேன், அதனால்தான் இப்படியா? இந்த வயதிலேயே மாதவிடாய் நிற்கப்போகிறதா? மாதாமாதம் சரியாகத்தான் வருகிறது. நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் சரியில்லை என்று எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு டாக்டரிடம் போனேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைக் காட்டியே மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிடுகிறேன். சில நாள் மறந்துவிடுவேன். பெயர் எழுதியிருக்கிறேன். மே மாதம் அம்மா வீட்டில் நான்கு நாள் இருந்தேன். நன்றாகத் தூங்கினேன். கூட்டிப்போக அவர் வந்த அன்று மட்டும் எனக்கே ஆசையாக இருந்தது. ஆனால் கடைசியில் அந்த நிறைவு வரவில்லை.

அவர் நல்லவர்தான். வேண்டாம் என்றால் விட்டுவிடுவார், ஆனால் இரண்டு நாள் பேசமாட்டார். போன மாதம் ‘மனதில் வேறு யாராவது இருக்கிறார்களா’ என்று கேட்டார். பிறகு வருந்தினார். பெண்களுக்கான பொடி என்று ஏதோ ஒன்றை இணையத்தில் வரவழைத்திருக்கிறார், இன்னும் பிரிக்கவில்லை. இப்படியே போனால் அவர் விவாகரத்து வாங்கிவிட முடியும் என்று பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்துகிறார். மாமியார் வேலையை விடச் சொல்கிறார். குழந்தைகளோடு தனி அறையில் படுத்துக்கொள்ளலாமா? நான் என்ன செய்யட்டும்?”

அன்புள்ள வாசகிக்கு,

என் கிளினிக்குக்கு வரும் பெண்கள் பலர் இந்த விஷயத்தை எப்படிச் சொல்வார்கள் தெரியுமா? வெள்ளைப்படுதல், இடுப்பு வலி என்று பேசி முடித்து, மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து போவார்கள். கதவைத் திறக்கப்போன கை அப்படியே நிற்கும். “இன்னொன்று, டாக்டர்…” அந்த இன்னொன்றுக்காகத்தான் அவர் அன்று பஸ் ஏறி வந்திருப்பார். நீங்கள் அந்த இன்னொன்றையே முதல் வரியில் எழுதிவிட்டீர்கள். பாதி வேலை முடிந்தது.

முதலில் உங்களை அரித்துக்கொண்டிருக்கும் இரண்டு பயங்களை அப்புறப்படுத்திவிடலாம். குடும்பக் கட்டுப்பாடு அறுவையில் கருக்குழாய்களை மட்டுமே கட்டுகிறோம் அல்லது வெட்டுகிறோம். சினைப்பைகளைத் தொடுவதில்லை. ஹார்மோனைச் சுரப்பவை சினைப்பைகள். அவை வழக்கம்போல வேலை செய்வதால்தான் உங்களுக்கு மாதவிடாய் தவறாமல் வருகிறது. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேலானவர்கள் இந்த அறுவையைச் செய்துகொண்டவர்கள் என்று தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. ஆசையைப் பறிக்கும் அறுவையாக இருந்தால் இந்த மாநிலமே புலம்பியிருக்கும். மாதவிடாய் நிற்பதைப் பற்றியும் இப்போது கவலை வேண்டாம். நம் நாட்டில் அது சராசரியாக 46, 47 வயதில் நடப்பது. உங்களுடைய சுழற்சியில் அதற்கான அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இனி, நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப்போன ஒரு வரிக்கு வருகிறேன். மே மாதம், அம்மா வீடு, நான்கு நாள். உங்கள் ஏழு பக்கத்தில் ஒரு மருத்துவருக்கு மிகவும் பயன்படும் வரி அதுதான்.

இரண்டு சிக்கல்கள், ஒரே முடிச்சில்

அந்த நான்கு நாட்களில் உங்களுக்கு யாரும் ஹார்மோன் ஊசி போடவில்லை. கணவர் மாறவில்லை, வயது குறையவில்லை. தூங்கினீர்கள், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் ஆசை தானாக வந்து நின்றது. ஆகவே அது செத்துப்போகவில்லை. உங்கள் வீட்டு நேரத்தில் அதற்கு இடம் கிடைக்காமல் வெளியே நின்றுகொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் 171 இளம் பெண்களிடம் 14 நாட்கள் நாட்குறிப்பு எழுதச் சொல்லி ஓர் ஆய்வு நடத்தினார்கள், 2015-இல் வெளியானது. முந்தின இரவு அதிகம் தூங்கிய பெண்களுக்கு மறுநாள் விருப்பம் கூடியிருந்தது. ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால் மறுநாள் துணையோடு உறவு கொள்ளும் வாய்ப்பு 14 சதவீதம் கூடியது. ஒரே ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு. நீங்கள் இழப்பது தினமும் மூன்று மணி நேரம். வயது வந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தேவை. பன்னிரண்டுக்குப் படுத்து நாலரைக்கு எழுந்து, நடுவில் இரண்டு முறை மாமியாருக்காகவும் எழுகிறீர்கள் என்றால், உங்களுக்குக் கிடைப்பது துண்டு துண்டாக நான்கு மணி நேரம்.

எட்டு மாதத்துக்கு முன்பு அந்த மருத்துவர் உங்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: தூக்கம் வரவில்லையா, தூங்க விடவில்லையா? படுத்தும் தூக்கம் வராமல் புரள்பவருக்குத் தூக்கமின்மை. பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண் சொருகி, ஒருநாள் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டதாக மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களே, அவருக்கு இருப்பது தூங்க நேரமின்மை. அதற்கு மாத்திரை கிடையாது.

மனஅழுத்தம் செய்யும் வேலையும் இதோடு சேர்ந்தது. அழுத்தம் நாட்கணக்கில் நீளும்போது மூளை கார்டிசோல் என்ற அழுத்த ஹார்மோனின் சுரப்பை முடுக்கிவிட்டு, இனப்பெருக்கத்துக்கான ஹார்மோன் கட்டளைகளைத் தணித்துவைக்கிறது. பஞ்சகாலத்தில் விதைநெல்லைப் பூட்டிவைக்கும் விவசாயியைப் போல. ஆனால் ஹார்மோனைவிடப் பெரிய கள்ளன் ஒன்று உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நீண்டகால அழுத்தத்தில் இருந்த பெண்களுக்கு உடல் கிளர்ச்சி குறைந்திருந்தது. அதற்கு முக்கியக் காரணமாகத் தெரிந்தது கவனச்சிதறல். “பன்னிரண்டரை, ஒரு மணி, மீதி மூன்றரை” என்ற உங்கள் கணக்கு அதுதான். நாளைய டிபன் பாக்ஸுக்கு வெங்காயம் இருக்கிறதா என்று யோசிக்கும் மூளைக்கு, தோளில் இருக்கும் கை ஒரு வேலை நினைவூட்டலாகத்தான் தெரியும்.

இரண்டாவது சிக்கலுக்கு வருவோம். மே மாதம் ஆசை வந்தது, நிறைவு வரவில்லை. தூக்கம் முதலாவதைச் சரிசெய்தது, இரண்டாவதைச் சரிசெய்யவில்லை. காரணம் நீங்கள் பெயர் எழுதி அனுப்பிய மாத்திரையாக இருக்க வாய்ப்பு அதிகம். எஸ்சிட்டலோபிராம், குளோனாசெபாம் இரண்டும் சேர்ந்த கலவை அது. படபடப்புக்கும் பதற்றத்துக்கும் இதை எழுதித்தருவது நம் ஊரில் சாதாரணம். இதில் எஸ்சிட்டலோபிராம் நல்ல மருந்துதான், பலரைக் கரையேற்றியிருக்கிறது. ஆனால் ஆசையைக் குறைப்பதும் உச்சத்தைத் தாமதப்படுத்துவதும் அல்லது அடியோடு வராமல் செய்வதும் இந்த வகை மருந்துகளின் நன்கு தெரிந்த பக்கவிளைவு. எழுதிக்கொடுக்கும்போதே இதைச் சொல்லும் மருத்துவர்கள் குறைவு. திருமணமான பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தின் விலையை எட்டு மாதமாக நீங்கள் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதைப் படித்ததும் இன்று இரவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் வரும். குளோனாசெபாம் பழக்கமாகிவிடக்கூடியது, அதை நிறுத்தினால் தூக்கம் இன்னும் கெடும். ஒரு நாள் சாப்பிட்டு மறுநாள் மறப்பது அதைவிட மோசம், படபடப்பின் ஒரு பகுதி அதனாலேயே வரலாம். ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அளவைப் படிப்படியாகக் குறைப்பது ஒரு வழி. பாலுறவைக் குறைவாகப் பாதிக்கும் மருந்துக்கு மாறுவது இன்னொரு வழி: புப்ரோபியான் உண்டு, ஆனால் சிலருக்கு அது பதற்றத்தையும் தூக்கக் குறைவையும் கூட்டும், மிர்ட்டசபின் தூக்கம் தரும், எடையும் போடும். எது உங்களுக்குப் பொருந்தும் என்று அவர்தான் நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டும். “உச்சம் வருவதில்லை” என்ற இரண்டு சொற்களை அங்கே வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்ல வராவிட்டால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். நாங்கள் எல்லாம் பார்த்தவர்கள்தான்.

வலியைப் பொறுத்துக்கொள்வது பண்பு அல்ல

உங்கள் அம்மாமீது எனக்குக் கோபமில்லை. அவருக்கு அவருடைய அம்மா சொன்னது அது. ஆனால் மருத்துவப்படி அது தவறான ஆலோசனை. விருப்பம் எழும்போதுதான் பிறப்புறுப்புக்கு ரத்த ஓட்டம் கூடி ஈரம் சுரக்கும், தசைகள் தளரும். கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கும் உடலில் இரண்டும் நடக்காது. வறண்ட இடத்தில் உரசல், உரசலில் வலி. அடுத்த முறை வலியை எதிர்பார்த்து இடுப்புத் தளத் தசைகள் தாமாகவே இறுகும். இறுகினால் வலி கூடும். சில மாதங்களில் அவர் தோளில் கை வைத்ததுமே உடல் இறுகக் கற்றுக்கொண்டுவிடும். ஆறு மாதமாக உங்களுக்கு நடப்பது இதுவாக இருக்கலாம்.

“இருக்கலாம்” என்றுதான் சொல்கிறேன். வலிக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால் ஒரு மகப்பேறு, பெண்கள் நல மருத்துவரிடம் பரிசோதனை அவசியம். உறவுக்குப் பிறகு ரத்தக்கசிவு, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், மாதவிடாயில் தாங்கமுடியாத வலி, ஆழத்தில் குத்துவது போன்ற வலி, இவற்றில் ஏதேனும் இருந்தால் இந்த வாரமே போங்கள். 30 வயதைத் தாண்டியவர் என்பதால் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையையும் அதே வருகையில் முடித்துக்கொள்ளலாம்.

ரத்தத்தில் பார்க்க வேண்டியவை சிலவே. ஹீமோகுளோபின், உடலில் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரை. இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினர் ரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. ரத்தசோகை இருந்தாலே படபடப்பும் சோர்வும் வரும். உங்கள் படபடப்புக்கு அதைப் பார்த்தார்களா என்று கடிதத்தில் இல்லை. தைராய்டு குறைந்தாலும் ஆசை குறையும். இவற்றை விட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் “ஹார்மோன் பேக்கேஜ்” எதையும் எடுக்காதீர்கள். குறிப்பாக, பெண்களின் ஆசைக் குறைவை டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பரிசோதனை முடியும்வரை ஊடுருவும் உறவு வேண்டாம். அதன் பிறகு, நீரை அடிப்படையாகக் கொண்ட மசகு ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும், தயங்காமல் வாங்கச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய் போதாதா என்று பலர் கேட்பார்கள். ஆணுறை பயன்படுத்தும் தம்பதியருக்கு எண்ணெய் ஆகாது. ரப்பரை அது பலவீனமாக்கிவிடும்.

அந்தப் பொடி டப்பாவை அப்படியே குப்பையில் போடுங்கள். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று வெளியே எழுதியிருப்பதை நம்ப முடியாது. ஆண்களுக்கான சில்டெனாஃபில் மாத்திரையைப் பெண்களுக்குக் கொடுத்துப் பார்ப்பதும் வேண்டாம். பெண்களின் ஆசைக்கென்றே அமெரிக்காவில் 2015-இல் ஃபிளிபான்செரின் என்ற மாத்திரைக்கு அனுமதி தந்தார்கள். தினமும் சாப்பிட்டால் மாதத்தில் நிறைவான தருணம் ஒன்றுகூட முழுதாகக் கூடவில்லை என்பதுதான் ஆய்வுகளின் முடிவு. மயக்கமும் ரத்த அழுத்தக் குறைவும் தனி. அம்மா வீட்டு நான்கு நாள் அதைவிட நன்றாக வேலை செய்திருக்கிறது.

ஆசை முன்னால் வந்தாக வேண்டுமா?

“மற்ற பெண்களுக்கெல்லாம் தானாக வருகிறது, எனக்கு மட்டும் வருவதில்லை” என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். மற்ற பெண்கள் உங்களிடம் வந்து சொன்னார்களா? ஆசை, கிளர்ச்சி, உச்சம் என்று நேர்கோட்டில் போவதுதான் இயல்பு என்று மருத்துவ உலகமும் நெடுநாள் நம்பியது. கனடாவின் ரோஸ்மேரி பாஸன் என்ற மருத்துவர் 2000-இல் அதை மாற்றி எழுதினார். நீண்டகாலத் துணையோடு வாழும் பெண்கள் பலருக்கு ஆசை முதலில் வருவதில்லை. நெருக்கம் வேண்டும் என்ற மனம் இருந்து, அவசரமில்லாத தொடுதல் இருந்து, உடல் இளகிய பிறகே ஆசை வந்து சேர்கிறது. இப்படிப் பின்னால் வருவது குறைபாடு அல்ல.

ஆனால் இதை அம்மாவின் ஆலோசனையோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. “ஆரம்பித்தால் தானாக வரும்” என்று யாரையும் கட்டாயப்படுத்த இது சாக்கு அல்ல. இளகுவதற்கு நேரமும் நிம்மதியும் வேண்டும், எந்தக் கட்டத்திலும் “இன்று போதும்” என்று சொல்ல முடிய வேண்டும். அந்த உரிமை இருக்கும் இடத்தில்தான் பின்னால் வரும் ஆசை வரும்.

மனநலத் துறையின் நோய்ப் பட்டியலில் பெண்களின் விருப்பக் குறைவுக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், அந்தப் பெண்ணுக்கே அது வேதனை தர வேண்டும்; அதோடு, கடுமையான வாழ்க்கை அழுத்தமோ மருந்தோ காரணமாக இருந்தால் அந்தப் பெயரைச் சூட்டக்கூடாது என்றும் அதே பட்டியல் சொல்கிறது. உங்களுக்கு இரண்டும் இருக்கின்றன. ஆகவே “நான் ஜடம்” என்று ஐந்தாம் பக்கத்தில் எழுதியதை அடித்துவிடுங்கள்.

இரண்டு மணி நேரம் எங்கே ஒளிந்திருக்கிறது

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் தினமும் சராசரியாக 289 நிமிடம் செலவழிக்கிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். உங்கள் வீட்டில் இந்த 88-ஐயும் காணோம். வேலையை விடச் சொல்லும் மாமியாரின் யோசனையை நான் ஆதரிக்க மாட்டேன். பள்ளி வேலை பகலில் நடக்கிறது. உங்கள் தூக்கத்தைத் தின்பது இரவும் விடியலும். வேலையை விட்டால் சம்பளம் போகும், தோசை போகாது.

முதலில் அந்தத் தோசை. பத்தே முக்காலுக்கு வருபவருக்குச் சப்பாத்தியோ இட்லியோ ஹாட்பாக்ஸில் இருக்கட்டும், அவரே எடுத்துச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைக்கட்டும். தோசைதான் வேண்டுமென்றால் மாவும் கல்லும் அங்கேயே இருக்கின்றன. ஜவுளி ஆலையில் ஒரு பிரிவையே நடத்துபவருக்கு ஒரு தோசை ஊற்றத் தெரியாதா? நீங்கள் பத்து மணிக்குப் படுத்துவிட்டால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கையில். தண்ணீர் வரும் நாட்களில் பாதி அவருடைய முறை.

அடுத்து மாமியார். இங்கே மருத்துவராகவே பேசுகிறேன். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் இரவில் அடிக்கடி சிறுநீர் வரும். ரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிடுவதில் நீர் பிரிக்கும் மாத்திரை இருந்து அதை மாலையில் சாப்பிட்டாலும் அப்படித்தான். அவருடைய மருத்துவரிடம் சர்க்கரையைப் பார்த்து, அந்த மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். பாத்ரூம் வழியில் ஒரு சிறு விளக்கு, சுவரில் கைப்பிடிக் கம்பி, தேவையென்றால் கட்டில் அருகே கமோட் நாற்காலி. அவரால் தனியே போக முடிந்தால் உங்கள் தூக்கம் துண்டாகாது, அவருக்கும் மருமகளை எழுப்ப வேண்டியிருக்கிறதே என்ற சங்கடம் இராது. அந்த இருமலில் எனக்குக் கேட்பது கண்டிப்பைவிட அந்தச் சங்கடம்தான். நான் தவறாகவும் இருக்கலாம்.

தனி அறை பற்றிக் கேட்டீர்கள். இரண்டாம் ஷிப்ட் நாட்களில் நீங்கள் குழந்தைகளோடு முன்பே படுத்துத் தூங்குவது நல்லதுதான். அதைப் பேசி முடிவு செய்ய வேண்டும். சொல்லாமல் பாயை எடுத்துக்கொண்டு போனால் அவர் அதைக் கோபம் என்று படிப்பார், வீடு அதற்கு மேலும் படிக்கும். அதோடு, வாரத்தில் ஒரு பொழுதாவது உங்கள் இருவருக்கென்று இருக்கட்டும், நள்ளிரவாக இல்லாமல். ஞாயிறு மதியம் மாமியார் பக்கத்து வீட்டுக்கோ கோயிலுக்கோ போகும் நேரம் இல்லையா? முதல் சில வாரங்களுக்கு உறவு கிடையாது என்று இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவது, கால் பிடித்துவிடுவது, பேசிக்கொண்டே சாய்ந்திருப்பது. இது எங்கே போய் முடியுமோ என்ற பயம் இல்லாத தொடுதலை உடல் மறுபடி பழக வேண்டும். பாலியல் சிகிச்சையில் பல பத்தாண்டுகளாகப் பயன்படும் முறை இது. வலியும் இறுக்கமும் கற்றுக்கொண்டதை மெல்ல மறக்க இதுதான் வழி. தாழ்ப்பாளுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டாலும் நல்லது.

பக்கத்து வீட்டு அக்காவின் சட்டம்

நான் வக்கீல் அல்ல. தெரிந்த அளவு சொல்கிறேன். காரணமே இல்லாமல், உடல்நலக் குறைவும் இல்லாமல், ஒருவர் தன்னிச்சையாக நீண்டகாலம் உறவை மறுத்தால் அது மனரீதியான கொடுமையாகக் கருதப்படலாம் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் ஒரு விவாகரத்து வழக்கில் சொல்லியிருக்கிறது. அக்கா கேள்விப்பட்டது அதுவாக இருக்கும். வலியோடு சிகிச்சைக்குப் போகும் பெண் சில இரவுகளில் வேண்டாம் என்பது அந்தக் கணக்கில் வராது. மறுபக்கமும் தெரிந்திருக்கட்டும். மனைவிமீதான வல்லுறவு நம் குற்றவியல் சட்டத்தில் இன்னும் விதிவிலக்காகவே இருக்கிறது. ஆனால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது. உங்கள் கணவர் அப்படிப்பட்டவர் அல்ல என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். இதைப் படிக்கும் வேறொரு பெண்ணுக்கு நிலைமை அப்படி இல்லையென்றால், மகளிர் உதவி எண் 181. மனம் தாங்காத இரவுகளில் பேச, அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, தமிழிலும் பேசுவார்கள்.

இரண்டு நாள் பேசாமல் இருப்பது வன்முறை இல்லை. ஆனால் அதுவும் ஒரு நெருக்குதல்தான். அடுத்த முறை நீங்கள் வேண்டாம் என்று சொல்லத் தயங்குவது அந்த இரண்டு நாளை நினைத்துத்தானே? அவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். ஒதுக்கப்படுவதாக அவருக்கும் ஒரு வலி இருக்கிறது. “வேறு யாராவது” என்ற அந்தக் கேள்வி அந்த வலியிலிருந்து வந்தது. வந்த இடம் புரிகிறது என்பதற்காகக் கேட்டது சரியாகிவிடாது.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், பதில் வந்தால் அவரிடம் காட்டலாமா என்று பென்சிலில் எழுதி அடித்திருக்கிறீர்கள். காட்டுங்கள். மே மாதம் பற்றிய பகுதியை முதலில் படிக்கச் சொல்லுங்கள். அவரைப் பார்த்ததும் உங்களுக்கு ஆசை வந்ததென்று நீங்கள் இதுவரை அவரிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். இரவு பன்னிரண்டு மணிக்கு இதை எடுத்து நீட்ட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வரை பொறுங்கள். திங்கள் அல்லது செவ்வாய், பள்ளியில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, மாத்திரை அட்டையையும் பழைய சீட்டையும் பையில் போட்டுக்கொண்டு இருவருமாக மருத்துவரிடம் போய்வாருங்கள். இரண்டாம் ஷிப்ட்காரருக்குக் காலையில் நேரம் இருக்கும்.